உப்பு எடுக்கப் போனவர்

முர்ராபூன் பண்ணையில் ஆடுகளுக்கு ரோமம் கத்தரிக்க வரும் கூட்டம், தன் சமையல்காரரை ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கும். பண்ணை முதலாளி அதில் வாய் திறக்க முடியாது. நாள் முழுக்க குனிந்தே வேலை செய்கிறவன், தன் வயிற்றை யார் நிரப்புவது என்பதைத் தானே முடிவு செய்வான் என்பது மேற்கு நியூ சவுத் வேல்ஸ் முழுக்க இருந்த வழக்கம். பிரதமரைத் தேர்ந்தெடுக்க, ஓட்டுப் போடாவிட்டால் விழும் அபராதத்துக்குப் பயந்து போகிறவர்கள், சமையல்காரரைத் தேர்ந்தெடுக்கக் குளித்துவிட்டு வந்தார்கள்.

அந்தத் தேர்தலில் அல்பி ட்ரெவின் என்பவர் முதல் உலகப் போரிலிருந்து திரும்பி வந்த நாள் முதல் தோற்றதே கிடையாது. இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் சமையல் வாயில் வைக்க வழங்காது. ஆட்டுக்கறிக் குழம்பு வெந்நீர் மாதிரி இருக்கும். சாம்பலில் சுட்ட ரொட்டியைக் கீழே போட்டால் நாய் முகர்ந்து பார்த்துவிட்டு, வருத்தத்தோடு வேறு பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆனாலும் வருஷா வருஷம் அல்பியே ஜெயித்தார். ஜெயித்த கையோடு எல்லோரும் அவரைத் திட்ட ஆரம்பித்தார்கள்.

திட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ரோமம் கத்தரிக்கும் அந்தக் கொட்டகைகளில் சமையல்காரருக்கு 'விஷக்காரன்' என்றுதான் பெயர். சாப்பாடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் நன்றாக இருக்கிறது என்று எவனும் சொல்லமாட்டான். "மோசமில்ல" என்று ஒருவன் சொல்லிவிட்டால், அது மாலை போட்டு ஊர்வலம் விட்ட மாதிரி. அதற்கு மேல் ஒருவன் புகழ்ந்தால் அவனுக்கு ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்று அர்த்தம். கைகலப்புக்குத் தயாராக இல்லாதவன் அங்கே சமைக்க வரக் கூடாது. அல்பிக்குக் கைகள் அடுப்புக்கட்டை மாதிரி இருந்தன.

இந்த அல்பி ஒரு காலத்தில் மெய்யாகவே நல்ல சமையல்காரர். பத்தொன்பது வயதில் கொட்டகைச் சமையலுக்கு ஓட்டு வாங்கியவர். அப்போது அவர் குழம்புக்காகவே பக்கத்துப் பண்ணையிலிருந்து ஆட்கள் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வருவார்களாம். பிறகு ஐரோப்பாவில் சண்டை வந்தது. கொட்டகையில் பாதிப்பேர் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். ரோமம் கத்தரிப்பதில் கெட்டிக்காரனான கிளாரி நன் என்ற கூட்டாளி சேர்ந்தான் என்பதற்காக அல்பியும் சேர்ந்தார். பட்டாளத்திலும் அவரை அடுப்படியில்தான் விட்டார்கள்.

1917இல் பெல்ஜியத்துச் சேற்றில் கிளாரி முன்வரிசைப் பள்ளத்தில் கிடந்தான். நாலைந்து நாளாக அங்கே யாருக்கும் சூடாக எதுவும் போய்ச் சேரவில்லை. குண்டு மழை நின்றால்தானே போவதற்கு. ஒரு சாயங்காலம் அல்பிக்குப் பொறுமை போய்விட்டது. குழம்புத் தகரத்தை முதுகில் கட்டிக்கொண்டு, தலைக்கவசத்தைக் கழற்றித் தகரத்துக்கு மூடியாக்கிக்கொண்டு புறப்பட்டார். தலையில் குண்டு விழுந்தால் ஒரு ஆள் போவான், குழம்பில் மண் விழுந்தால் ஒரு படையே பட்டினி கிடக்கும் என்பது அவர் கணக்கு. எப்படியோ தவழ்ந்து, புரண்டு, விழுந்து போய்ச் சேர்ந்தார். பள்ளத்தில் கிடந்தவர்கள் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். அல்பி கிளாரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளாரி தட்டை நக்கி முடித்துவிட்டுச் சொன்னான்: "மோசமில்ல. உப்புதான் கொஞ்சம் கம்மி."

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு குழம்பு கொண்டுபோனவனிடம் சொல்லத் தகுந்த பேச்சா அது? அல்பி எழுந்தார், வந்த வழியே திரும்பிப் போனார். பின்னால் கிளாரி கத்தியது குண்டுச் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை. உப்புப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் வந்தார். அந்த இரண்டாவது நடையில்தான் விஷவாயு இறங்கியது. பள்ளத்துக்குள் உருண்டு விழுந்தபோது கண் தெரியவில்லை, மூச்சு வரவில்லை. கையில் மட்டும் உப்பு பத்திரமாக இருந்தது.

அவர் பெயருக்கு வீரப் பதக்கம் வந்தது. "தன் உயிரைப் பொருட்படுத்தாமல், படைக்கு இன்றியமையாத பொருளைக் கடும் தாக்குதலுக்கிடையே கொண்டுசேர்த்தார்" என்று பாராட்டு வாசித்தார்கள். பதக்கத்தைக் குத்திவிட்ட தளபதி, அது என்ன, துப்பாக்கி ரவையா என்று பரிவோடு கேட்டார். உப்பு என்றார் அல்பி. வாயு மூளையையும் பாதித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தளபதி அடுத்த ஆளிடம் நகர்ந்துவிட்டார்.

கண் ஒரு மாதத்தில் சரியாயிற்று, மூச்சு ஒரு வருஷத்தில். நாக்கும் மூக்கும் மட்டும் திரும்பி வரவேயில்லை. தேனும் விளக்கெண்ணெயும் அல்பிக்கு ஒன்றாகிவிட்டன. இதை அவர் மருத்துவரிடம் சொல்லவில்லை, மனைவி மாவிஸிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஓய்வூதியம் கொடுத்து நாற்காலியில் உட்காரவைத்து விடுவார்கள். சமையலைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தெரியாது, வேறு எதுவும் பிடிக்கவும் பிடிக்காது. ருசி தெரியாத சமையல்காரனுக்கு ஓட்டுப் போட எவனுக்குப் பைத்தியம்?

ஊர் திரும்பியதும் முதல் சமையலில் உப்பைப் போட்டோமா இல்லையா என்று குழம்பி, இரண்டு தடவை போட்டுவிட்டார். அன்று கொட்டகை மொத்தமும் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்தது. சண்டைக் காலத்துப் பழக்கம் என்று சமாளித்தார். அன்றிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார். உப்பு அதிகமானால் குட்டு உடைந்துவிடும், உப்பே இல்லாவிட்டால் யாரும் சாகமாட்டார்கள். ஆகவே போடுவதே இல்லை. சாப்பாட்டு மேஜையில் உப்புக் கிண்ணம் வைப்பது சமையல்காரனுக்கு அவமானம் என்று அதையும் தூக்கிவிட்டார். ஒரே ஒருவன் உப்பு கேட்டான். அவனைச் சட்டையைப் பிடித்து வெளியே கொண்டுபோய், ஆட்டுப் பட்டிக்குள் போட்டுவிட்டு வந்தார். பிறகு யாரும் கேட்கவில்லை. திட்டினார்கள், ஆனால் உப்பை மட்டும் யாரும் வாயில் எடுக்கவில்லை. குட்டு காப்பாற்றப்பட்டது என்று அல்பி நிம்மதியாக இருந்தார்.

உள்ளே ஒரு முள் மட்டும் கிடந்து குத்திக்கொண்டிருந்தது. நாக்கு இருந்தபோது அவர் வைத்த கடைசிக் குழம்பு அந்தப் பள்ளத்துக் குழம்புதான். அதுவே உப்புக் கம்மியாகப் போய்விட்டதே என்று வருஷக்கணக்காக மருகினார். பதக்கத்தை அவர் சட்டையில் குத்திக்கொண்டதே இல்லை. மாவு மூட்டையின் வாயைச் சேர்த்துப் பிடிக்க அதன் ஊசி வாகாக இருந்தது.

இரண்டாவது சண்டை வந்தபோது அவருக்கு நாற்பத்து நாலு வயது. பட்டாளத்துக்கு அது கூடுதல். நரைக்குப் பூட்ஸ் பாலிஷ் போட்டுக்கொண்டு போய் முப்பத்தெட்டு என்று சொன்னார். ஆளெடுக்கும் சார்ஜென்ட் உள்ளூர்க்காரர். அப்படியானால் போன சண்டையில் பதினாறு வயசிலேயே பதக்கம் வாங்கிட்டியா என்று கேட்டார். நான் கொஞ்சம் வளர்ந்த பையன் என்றார் அல்பி. மழை வந்தால் பாலிஷ் ஒழுகும், சீக்கிரம் கையெழுத்தைப் போடு என்றார் சார்ஜென்ட்.

உண்மையைச் சொன்னால் பட்டாளத்துச் சமையலறைதான் அவருக்குச் சொர்க்கம். டப்பாவில் வந்த மாட்டுக்கறியைப் படையில் யார் சமைத்தாலும் கண்றாவியாகத்தான் இருந்தது. உலகத்திலேயே அங்கே மட்டும்தான் அல்பி மற்ற சமையல்காரர்களுக்குச் சமமாக நின்றார்.

லிபியப் பாலைவனத்தில் ஒரு நாள் புழுதிக்காற்று. சூடு ஆறாத பெட்டிகளில் குழம்பை ஏற்றிக்கொண்டு லாரி ஓட்டிப் போன அல்பி, வழி தவறி இத்தாலியப் படையின் நடுவில் போய் நிறுத்திவிட்டார். காற்று அடங்கியபோது சுற்றிலும் துப்பாக்கிகள். அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான், பெட்டியைத் திறந்து கரண்டியை எடுத்தார். அவர்கள் இரண்டு நாளாகப் பட்டினி. சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் துப்பாக்கிகளை லாரியில் போட்டுவிட்டுத் தாங்களும் ஏறிக்கொண்டார்கள். தனி ஆளாக ஒரு கூட்டத்தையே சிறைபிடித்தார் என்று இரண்டாவது பதக்கம் கொடுத்தார்கள். "பசியா இருந்தாங்க சார், சாப்பாடு போட்டேன்" என்று அல்பி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அடக்கம் என்று அதற்கும் சேர்த்துப் பாராட்டினார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரெஸ்தே என்று ஒரு ஆள். சொந்த ஊரில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவன். ஒரு வாய் குழம்பைத் தின்றதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அல்பியை உற்றுப் பார்த்தான். பிறகு பையிலிருந்த எலுமிச்சம்பழத்தில் பாதியை அறுத்து நீட்டினான். அல்பி அதை பிஸ்கட் கடிப்பதுபோல் கடித்து, முகம் சுளிக்காமல் மென்று விழுங்கி, நன்றி சொன்னார். ஒரெஸ்தேக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவன் யாரிடமும் சொல்லவில்லை.

கைதியாகக் கப்பலேறியவன் முர்ராபூனுக்குப் பக்கத்துப் பண்ணையிலேயே வேலைக்கு விடப்பட்டான். சண்டை முடிந்து ஊருக்குப் போனான். கடை இருந்த இடத்தில் குழிதான் இருந்தது. சில வருஷம் அங்கே தள்ளாடிவிட்டு மறுபடியும் வந்து சேர்ந்தான். வந்தவன் நேரே அல்பியைத்தான் தேடிப் போனான். மாவிஸ் அவனுக்குப் பின்கட்டில் ஒரு அறை ஒழித்துக் கொடுத்தாள்.

வினை 1951இல் வந்தது. அந்த வருஷம் கொட்டகைக்குப் புதிதாகச் சேர்ந்த இரண்டு பட்டணத்துப் பையன்களால் முதல் வாரத்தைத் தாண்ட முடியவில்லை. அல்பியை எதிர்த்து ஒரெஸ்தேயை நிறுத்தவேண்டும் என்றார்கள். ஒரெஸ்தேக்கு வேலை தேவைதான், ஆனாலும் தலையைத் தலையை ஆட்டி மறுத்தான். அல்பிக்கு ரோஷம் வந்துவிட்டது. "நில்லுடா. ஆளே இல்லாம ஜெயிச்சு ஜெயிச்சு எனக்கும் அலுத்துப்போச்சு" என்றார்.

சனிக்கிழமை மாலைச் சாப்பாட்டை ஒரெஸ்தே செய்வது, ஞாயிறு மதியம் ஓட்டு என்று தொழிற்சங்கத்துப் பிரதிநிதி லெஸ் காடி அறிவித்தார். லெஸுக்கு எல்லாம் சட்டப்படி நடக்கவேண்டும். கொட்டகைக்குத் தீப்பிடித்தாலும், முதலில் தண்ணீர் ஊற்றலாமா என்று தீர்மானம் போடுகிறவர்.

ஒரெஸ்தே ஆட்டுத்தொடையில் பூண்டும், ஏதோ பச்சிலையும் செருகிச் சுட்டு வைத்தான். அல்பி வாசற்படியில் நின்று பார்த்தார். ருசி அவருக்குத் தெரியாது, முகங்கள் தெரியும். இத்தனை வருஷமாக அவர் சமைத்ததே முகங்களைப் பார்த்துத்தான். அன்று மேஜையில் ஒருவனும் பேசவில்லை. ஒருவனும் திட்டவில்லை. ரொட்டியால் தட்டை வழித்து, விரலைச் சூப்பினார்கள். கிளாரி கண்ணை மூடிக்கொண்டு மென்றான். அல்பி போய்த் தன் துணிமணிகளைச் சுருட்டிக் கட்டிவைத்தார். பதக்கத்தை மாவு மூட்டையிலிருந்து எடுத்தார், பிறகு வரப்போகிறவனுக்கு உதவும் என்று அங்கேயே குத்திவிட்டு வந்தார்.

மறுநாள் மதியம் கத்தரித்த ரோமப் பொதிக்குப் பின்னால் ஒரு காலித் தேநீர்த் தகரத்தை வைத்தார் லெஸ். பக்கத்தில் இரண்டு கிண்ணங்கள். அல்பிக்கு என்றால் பட்டாணி, ஒரெஸ்தேக்கு என்றால் உலர்ந்த திராட்சை. ஒவ்வொருவராகப் போய்த் தகரத்தில் போட்டுவிட்டு வரவேண்டும், கிண்ணத்திலிருந்து தின்பது குற்றம். முதலில் கிளாரி போனான். அவன் வெளியே வரக் கொஞ்சம் நேரமாயிற்று. அடுத்துப் போனவன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு லேசாகச் சிரித்தது எல்லோருக்கும் கேட்டது. அதற்குப் பிறகு போனவர்கள் எல்லோரும் கால்சட்டைப் பையைத் தடவிக்கொண்டே போனார்கள்.

லெஸ் தகரத்தை மேஜைமேல் கவிழ்த்தார். இரண்டே இரண்டு திராட்சை உருண்டது. அதற்குப் பின்னால் பொலபொலவென்று வெள்ளையாக ஒரு சிறு குவியல் கொட்டியது. பட்டாணி ஒன்றுகூட இல்லை.

அல்பி கிட்டே வந்து பார்த்தார். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். சப்புக்கொட்டினார். பிறகு, சமையல்காரருக்கே உரிய கோபத்தோடு கேட்டார்: "சர்க்கரையை இப்படிக் கொட்டினது எவன்டா?"

ஒரெஸ்தே தலையைக் குனிந்துகொண்டான். பட்டணத்துப் பையன்களில் ஒருவனுக்கு வாய் பிளந்தது. தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அல்பிக்கு மெதுவாகத்தான் உறைத்தது. சொல்லிவிட்டதைத் திருப்பி விழுங்க வழியில்லை. அவருக்குக் காது வரைக்கும் சிவந்தது.

"அது உப்புடா அல்பி" என்றான் கிளாரி.

சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு பழைய புகையிலை டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தான். அதில் புகையிலை இல்லை, உப்பு இருந்தது. அடுத்தவன் தன் டப்பாவை வைத்தான். அதற்கடுத்தவனும் வைத்தான். துருப்பிடித்தது, நசுங்கியது, அப்பனிடமிருந்து மகனுக்கு வந்தது என்று மேஜை நிறைய டப்பாக்கள். அல்பி முதுகைத் திருப்பிய போதெல்லாம் முப்பது வருஷத்துக்கும் மேலாகத் தட்டில் விழுந்த உப்பு அத்தனையும் அந்த டப்பாக்களிலிருந்துதான் விழுந்திருக்கிறது. கொட்டகைக்குப் புதிதாக வருகிறவனுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அதுதானாம். பட்டணத்துப் பையன்களுக்குச் சொல்ல மறந்துபோயிருக்கிறார்கள்.

லெஸ் காடிதான் வாய் திறந்தார். பட்டாணிக்குப் பதிலாக உப்பு செல்லுமா என்று விதியில் இல்லை, அதை எப்படி எண்ணுவது என்றும் தெரியவில்லை என்று புலம்பினார். அவர் டப்பாவும் மேஜைமேல்தான் இருந்தது.

அல்பிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதை மறைக்கக் கத்தினார். "இத்தன வருஷமா எல்லாரும் சேர்ந்து என்னை ஏமாத்தியிருக்கீங்க."

"நீ மட்டும் என்ன பண்ணினியாம்?" என்றான் கிளாரி.

"உங்களுக்குத்தான் நாக்கு இருக்கே. நேத்து நல்லாத்தானடா தின்னீங்க. அவனுக்குப் போட வேண்டியதுதான?"

"நல்லா இருந்துச்சு. அதான் கஷ்டம். சாப்பாடு நல்லா இருந்தா மேஜையில பேச என்ன இருக்கு? நேத்து ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பாத்துக்கிட்டு எழவு வீடு மாதிரி உக்காந்திருந்தோம்."

எல்லோரும் சிரித்தார்கள். கிளாரி சிரிக்கவில்லை. டப்பாவின் மூடியைத் திறந்தான், மூடினான். அவனுக்கும் இப்போது தலை முழுக்க நரைத்திருந்தது. "அன்னிக்குப் பள்ளத்துல உப்பு கம்மின்னு நான்தான் சொன்னேன்" என்றான். "அதுக்கப்புறம் உங்கிட்ட உப்பைப் பத்திப் பேச எனக்கு வாய் வரல. நீ உப்பே போடாம ஊத்தினாலும் வாய் வரல."

"கம்மியா இருந்தா கம்மின்னு சொல்லத்தான் செய்வாங்க. அது என் தப்பு" என்றார் அல்பி.

"கம்மியா இல்லடா. சரியா இருந்துச்சு. சும்மா, வழக்கமா சொல்ற மாதிரி சொன்னேன். நீ பொசுக்குன்னு எழுந்து போயிட்ட. பின்னாலயே கத்தினேன், உனக்குக் கேக்கல. என் ஜென்மத்துல அந்த மாதிரிக் குழம்பு நான் தின்னதில்ல."

கிளாரி அடி வாங்கத் தயாராக நின்றான். அல்பியின் கைகளைத் தெரிந்தவர்கள் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். ஒரு பொய்க்காக ஒருவனுடைய நாக்கும் மூக்கும் போயிருக்கின்றன. யாராக இருந்தாலும் கோபம்தான் வரும்.

அல்பியின் முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று. "சரியா இருந்துச்சா?" என்றார்.

"சரியா இருந்துச்சு."

"உப்பு, காரம், எல்லாம்?"

"எல்லாம்."

"எனக்கு அப்பவே தெரியும்டா" என்றார் அல்பி. "ருசி பாத்துட்டுத்தான் கொண்டாந்தேன். என் நாக்கு என்னைக்கும் பொய் சொன்னதில்ல." சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். இரண்டு சண்டையிலும் வாங்கிய பதக்கங்களில் எதற்கும் அவர் இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

பிறகு தன் கட்டைக் கைகளால் மேஜையைத் தட்டி, ஜெயித்தவர் என்ற முறையில் ஒரு நிபந்தனை போட்டார். ஒரெஸ்தேயும் கூடவே சமையலறையில் இருப்பான், சம்பளம் சரிபாதி, ருசி பார்ப்பது அவன் பொறுப்பு. இதற்கு விதியில் இடமிருக்கிறதா என்று லெஸ் காடி யோசித்துக்கொண்டிருக்கும்போதே எல்லோரும் கையைத் தூக்கிவிட்டார்கள். திராட்சை போட்ட இரண்டு பையன்களையும் நாம் குறை சொல்ல வேண்டியதில்லை. நாக்கு உள்ளவர்கள், நியாயமாகத்தான் போட்டார்கள். அவர்களும் கையைத் தூக்கினார்கள்.

அன்று மாலைச் சாப்பாட்டுக்கு அல்பி பழையபடி ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தார். ஒரெஸ்தே ருசி பார்க்க வந்தபோது, இந்த ஒரு வேளை மட்டும் விடு என்று அவனை விலக்கிவிட்டார். தகரத்தை அவரே தூக்கிக்கொண்டு வந்து முதல் கரண்டியைக் கிளாரியின் தட்டில் ஊற்றினார். அங்கேயே நின்றார். இத்தனை வருஷமாக யாரிடமும் கேட்கப் பயந்த கேள்வியைக் கேட்டார்.

"உப்பு எப்படி?"

கிளாரி ஒரு வாய் சாப்பிட்டான். நிதானமாக மென்றான். "கம்மி" என்றான்.

"போய் எடுத்துட்டு வரட்டுமா?"

"நீ எங்கயும் போக வேணாம், உக்காரு" என்று டப்பாவைத் திறந்தான் கிளாரி. "எங்கிட்ட இருக்கு."